மூன்று படி கீழே ஒரு கீப்பர்

வந்துவிட்டான். டீமை விட்டுப் போனவன் ரூமில் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே, இல்லை ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதானே, சரியாக ஹாக்கி மேட்ச் அன்றைக்கு, சரியாக மூன்றாவது பகுதி ஆட்டத்துக்கு விசில் ஊதும்போது, இத்தனை பெரிய கேலரியில் சரியாக எபனேசர் உட்கார்ந்திருக்கிற படிக்கு மூன்று படி கீழே வந்து, கைக்குட்டையை உதறி விரித்து, பரமகுரு உட்கார்ந்தும் விட்டான். ஏன் மூன்று படி? பத்துப் படி கீழே நிழல் இருக்கிறது. எதிர்ப் பக்கம் முழுக்கக் காலி. மூன்று படி என்பது பேசினால் காதில் விழுகிற தூரம். எபி வாயை மூடிக்கொண்டான். எபியின் வாய் மூடியிருப்பது கோவில்பட்டியில் அபூர்வம். அதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்று உடனே திறந்து ஒரு கொட்டாவி விட்டான், அந்தக் கொட்டாவியும் பிரின்ஸிபால் விடுகிற கொட்டாவி மாதிரியே வந்து தொலைந்தது, பக்கத்திலிருந்த காதர் சிரித்தான். சிரிக்காதே. சிரித்தால் அவன் திரும்புவான். பரமகுரு திரும்பவில்லை. அவனுடைய பிடரிதான் தெரிந்தது. புதிதாக முடி வெட்டியிருக்கிறான், ஹெல்மெட்டின் பட்டை ஒன்பது வருஷமாக அழுத்தி அழுத்திப் போட்ட வெளுத்த கோடு ஒன்று பிடரியின் குறுக்கே போகிறது. ஒரு பிடரியால் பார்க்க முடியுமா? முடியும்போலத்தான் இருந்தது. இடைவேளையில் தண்ணீர் அடித்த செயற்கைப் புல் வெயிலில் ஆவி விட்டது, ஈர ரப்பர் வாசனை கேலரி வரைக்கும் ஏறி வந்தது, ஸ்கோர் பலகையில் ஒன்று ஒன்று என்று இரண்டு ஒன்றுகள் முறைத்துக்கொண்டு நின்றன, அங்கே கோல் வாசலில் பரமகுருவின் பேடைக் கட்டிக்கொண்டு பரமகுருவைவிட அரை அடி குட்டையான விஷ்வா, அலமாரியை முதுகில் தூக்கி வந்தவன் மாதிரி, இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியால, எப்படி உக்காந்திருக்கான்னு? கல்யாண வீட்டுக்கு வந்த மாப்ள கணக்கா." இது சைக்கிள் கடை ராமானுஜம் அண்ணாச்சி. முப்பது வருஷமாக இந்தக் காலேஜ் ஆடுகிற ஒரு மேட்சையும் விடாதவர், டீமே அவர் கடையில் பஞ்சர் ஒட்டி அனுப்பியது என்கிற நினைப்பு. "ஆட்டத்த விட்டுட்டுப் போனவன எப்படிப் பாக்கணும்னு ஒரு மொற இருக்குல்லா. பாக்கவே கூடாது. அவன் இருக்க எடத்துல காத்துதான் இருக்குன்னு நெனச்சுக்கிடணும்." சொல்லிவிட்டு அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கேலரியே அப்படித்தான் இருந்தது, பந்து இடப்பக்கம் போனால் தலைகள் இடப்பக்கம் போய், திரும்பி வருகிற வழியில் எல்லாத் தலையும் பரமகுருவின் பிடரியில் ஒரு நொடி நின்று வந்தன, ரயில் சின்ன ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி. எப்படித்தான் பார்ப்பது? போன மாதம் வரைக்கும் டீக்கடையில் இவனுக்குப் பெரிய கிளாஸ், சலூனில் வரிசை கிடையாது, 'நம்ம கீப்பர்' என்று ஊரே தோளில் கை போட்டுக்கொண்டது. இப்போது அதே கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாவம் என்று பார்க்கலாமா, துரோகி என்று பார்க்கலாமா, படிக்கிற பையன் அவன் இஷ்டம் என்று பார்க்கலாமா. எபி மூன்று மாதிரியும் பார்த்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பிடரி எபியைத்தான் திருப்பிப் பார்த்தது. "ஏல எபி," காதர் முழங்கையால் இடித்தான், "மாஸ்டர் வாய்ஸ் ஒண்ணு விடுல. 'பரமகுரு, ஷொகமா இருக்கியா ராஜா'ன்னு ஒரே ஒண்ணு. கேலரியே விழுந்துரும்." பின்னாலிருந்து இரண்டு பேர், ஆமா எபி, விடு எபி. எபியே எத்தனை மேட்சில் விட்டிருக்கிறான்! டீமின் கோச் ஞானதுரை மாஸ்டர் விசிலை உதட்டோரம் இடுக்கிக்கொண்டே பேசுவார், அதனால் அவர் வாயில் 'ச' எல்லாம் 'ஷ'வாகிவிடும், ஒவ்வொரு பேச்சும் 'புரியுதா புரியலையா' என்று போய் முட்டி நிற்கும். எபிக்கு விசில் வேண்டாம், பேனா மூடி போதும். உதட்டோரம் மூடியை இடுக்கினான் என்றால் மாஸ்டரின் பெண்டாட்டியே இட்லி எடுத்து வைத்துவிடுவாள் என்பது காதரின் சர்டிபிகேட். அந்த மூடி இப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. நீல மூடி, பல் தடத்தோடு. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது, தொடக்கூடாதென்றும் இருந்தது. காதர் ஏன் இத்தனை பேரை விட்டுவிட்டு மாஸ்டர் குரலையே கேட்கிறான்? அரை மணிக்கு முன்னால்தானே எபி பாதிரியார் குரலில் ஜெபம் பண்ணிக் காட்டினான், அது போதாதா? இவனுக்கு ஏதாவது தெரியுமோ? தெரிய வாய்ப்பே இல்லை. அந்த வாரம் முழுக்க காதர் மெட்ராஸ் ஐ வந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

அதுதான் வினையே. காதர் இருந்திருந்தால் பாதியில் சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பான், கெட்டிருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில், அக்காவின் பழைய சிம்மைப் போட்டுக்கொண்டு எபி தன்னந்தனியாக நின்றான். போன டோர்னமென்ட்டின் அரையிறுதியில் தோற்று வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மூன்றாவது கோல் பரமகுருவின் காலுக்கடியில் போனதை ஊரே பேசிக்கொண்டிருந்தது, அதைச் சும்மா ஒரு சீண்டு சீண்டிப் பார்க்கலாம் என்றுதான். மூடியை இடுக்கினான். 'பரமகுருவா? மாஷ்டர் பேஷுறேன். நாளையிலருந்து நீ வர வேண்டாம் ராஜா. புரியுதா புரியலையா?' அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதி வைத்த வசனமே கிடையாது. இதற்குப் பிறகு அவன் சார், சார் என்று கெஞ்ச வேண்டும், எபி இன்னும் ரெண்டு போடு போட வேண்டும், அவன் குரல் உடைகிற இடத்தில் 'அண்ணே நாந்தாம்ணே எபி' என்று சொல்ல வேண்டும், அவன் 'செருப்பால அடிப்பேன் நாயே' என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். எத்தனையோ பேரிடம் இது இப்படித்தான் நடந்திருக்கிறது. பரமகுரு கெஞ்சவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, கறக் கறக் என்று ஒரு றெக்கை மட்டும் எதிலோ இடிக்கிற ஃபேன். பிறகு "சரிங்க சார்." வைத்துவிட்டான். எபி தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தான். தனியாகச் சிரிக்கிற சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது! உடனே திரும்பக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான், ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். மறுநாள் காலையில் ஸ்டோர் ரூம் வாசலில் பேடு, ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், கையுறை எல்லாம் துடைத்து, பொருட்காட்சிக்கு வைத்த மாதிரி வரிசையாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? மாஸ்டரிடமா? 'சார், நீங்க பேசுனது நாந்தான்' என்றா? பரமகுருவிடமா? சொல்லியிருக்கலாம், முதல் நாள் சொல்லியிருந்தால் செருப்படியோடு போயிருக்கும், இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் ரெண்டு அறை, மூன்றாம் நாளுக்குப் பிறகு அது கேலி இல்லை, வேறு ஏதோ ஆகிவிட்டது. அதற்குள் ஊர் காரணம் கேட்க ஆரம்பித்துவிட்டது. காரணம் என்கிற காலி இடம் அப்படியே கிடந்தால் அதற்குள் எபி விழுந்துவிடுவான் என்று எபிக்குப் பயம் வந்தது. அதை நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பினான். கேன்டீனில் ராமானுஜம் அண்ணாச்சி குரலில், அவர் மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்கி, "எல, வெல போயிட்டாம்ல அவன். மேக்கால இருக்க காலேஜ்காரன் வந்து பேசிட்டுப் போயிருக்கான், மூணாவது கோல நீ பாத்தல்லா?" என்று சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டே நாள். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது அண்ணாச்சியே, ஒரிஜினல் அண்ணாச்சியே, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எல, வெல போயிட்டாம்ல அவன்," என்றார். கூடவே, வந்து பேசினவன் வெள்ளைக் கார், நெத்தியில் தழும்பு என்று எபி சொல்லாததெல்லாம் சேர்ந்திருந்தது. எபிக்குக் கை பம்பிலேயே நின்றுவிட்டது. தன் வாயிலிருந்து போனது அசல் வாய்க்குள் நுழைந்து, அசலாகவே திரும்பி வந்து நிற்கிறது. ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே விலை போயிருப்பானோ? போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தழும்புக்காரன் ஒருவன் இருக்கக் கூடாதா கடவுளே. போன் வந்தது ஒரு சாக்கு, எப்படி விலகுவதென்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எபி கதவைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். அன்று ராத்திரி அப்படி நினைத்துக்கொண்டே நன்றாகத் தூங்கினான். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் மேல் கறக் கறக் என்று அந்த ஃபேன்.

"ஏ... ஏ... ஏ..." கேலரி எழுந்தது. எதிரணிக்கு பெனால்டி கார்னர். கோலை மறித்து நம் ஆட்கள் ஐந்து பேர், நடுவில் அலமாரியோடு விஷ்வா. எபியும் எழுந்தான், பரமகுரு எழவில்லை, எழாததால் அவனை மேலிருந்து முழுசாகப் பார்க்க முடிந்தது. மடியில் கடலைப் பொட்டலம். கையில் போன். போன் ஏன் கையில்? திரையில் என்ன அது, வெளிச்சம்? எந்த நம்பரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? அக்காவின் சிம்மை எபி ஒடித்துச் சாக்கடையில் போட்டாயிற்று, இருந்தாலும் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிடுவார்களாமே, எந்த டவர், எந்த நேரம் என்று. அதற்குத்தான் வந்திருக்கிறானோ. இல்லை, குரலுக்காக வந்திருக்கிறான். இந்தக் கேலரியில் எவனோ ஒருவன் மாஸ்டர் குரலை விடுவான் என்று தெரியும் அவனுக்கு, காதைத் தீட்டிக்கொண்டு மூன்று படி கீழே உட்கார்ந்திருக்கிறான், மீன் பிடிக்கிறவன் மாதிரி, கடலை உரித்துக்கொண்டு. விடவே மாட்டேன்டா. தொண்டையை அறுத்தாலும் விட மாட்டேன். பந்து உள்ளே வந்தது, நிறுத்தினார்கள், சுழற்றி விட்டான் ஒருவன். அதே நொடியில் பரமகுருவின் இடது கால் தானாகப் பக்கவாட்டில் பறந்து, முன் படியில் இருந்தவரின் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது, கடலை சிதறியது. அங்கே விஷ்வாவின் இடது காலும் அதே திசையில் போய், பந்து பேடில் பட்டு வெளியே தெறித்தது. கேலரி கத்தியது. பாட்டில்காரர் திரும்பி முறைத்தார். "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, தெரியாமப் பட்டுருச்சு." நடிப்போ? விலகிப் போனவனுக்குக் கால் ஏன் போகிறது? எல்லோரும் பார்க்கட்டும் என்று செய்கிறானோ? குனிந்து கடலை பொறுக்குகிற சாக்கில், பரமகுரு முதல் தடவையாகத் திரும்பினான். நேராக எபியைப் பார்த்தான். அண்ணாச்சியை இல்லை, காதரை இல்லை. ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டான். போச்சு.

மூன்றாவது பகுதி முடிந்து விசில் ஊதினதும் பரமகுரு எழுந்தான். கைக்குட்டையை உதறி மடித்தான். இறங்குவான், இறங்கிவிடு, என்று எபி பாதிரியார் குரல் எதுவும் இல்லாமல் உள்ளுக்குள் நிஜமாகவே ஜெபித்தான். ஏறினான். ஒரு படி. கேலரியில் பேச்சு அடங்கியது. இரண்டாவது படி. அண்ணாச்சி அவசரமாக ஸ்கோர் பலகையைப் படிக்க ஆரம்பித்தார், ஒன்று ஒன்று என்பதில் படிக்க என்ன இருக்கிறதோ. மூன்றாவது படியில் காதர், "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே, நான் ஷர்பத் வாங்கிட்டு வாரேன்," என்று எழுந்து நழுவினான், துரோகி என்றால் இவன்தான். பரமகுரு பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை நீட்டினான். எபி இரண்டு கடலை எடுத்தான். ஒன்றைக்கூட உரிக்க வரவில்லை. மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள், பரமகுரு குனிந்து காதோரம் பேசினான்.

"அந்த மூடி இருக்கால?"

"எந்த மூடிண்ணே?"

"பேனா மூடி."

போன் பரமகுருவின் சட்டைப் பையில் இருந்தது, அதன் மேல் ஓரம் எபியைப் பார்த்தபடி இருந்தது. பதிவாகிக்கொண்டிருக்கிறதோ.

"மாஸ்டர் யாருக்கும் போன் பண்ண மாட்டார்டா," என்றான் பரமகுரு. "ஸ்டோர் ரூம் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸ்ல டீம் எழுதிருப்பாரு. ஒருத்தன் வேண்டாம்னா அந்தப் பேர அழிச்சிருவாரு, அவ்ளோதான். ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. நாங்க டெய்லி உள்ள போனதும் மொதல்ல கதவத்தான் பாப்போம். கேலரில உக்காந்திருக்கவனுக்கு அது எப்படித் தெரியும்? நீ 'வர வேண்டாம் ராஜா'ன்ன உடனே தெரிஞ்சு போச்சு, யாரோ வெளியாளுன்னு. வெளியாள்ல மாஸ்டருக்கு 'ஷ' போடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்."

"அண்ணே..."

"இரு. அன்னைக்கு சாயங்காலம் போய்ப் பாத்தேன். எம்பேரு இருந்துச்சு. மொத பேரா. நாந்தான் அழிச்சேன், உள்ளங்கையால." கையை விரித்துக் காட்டினான், இன்னும் சாக்பீஸ் இருக்கிற மாதிரி. "ஜனவரில பிராக்டீஸ்ல ஒரு பந்து நேரா ஹெல்மெட் கம்பில வந்து அடிச்சுது. ஒண்ணும் ஆகல, கம்பிகூட நெளியல. ஆனா அதுலருந்து பந்து கிட்ட வந்தா கண்ணு தானா மூடிக்குது. அரையிறுதில மூணாவது கோல நான் பாக்கவே இல்லடா. சத்தம்தான் கேட்டுச்சு."

எபிக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நம்பலாமா இதை? பன்னிரண்டு நாளாக இவன் சுமந்த மூட்டையை ஒருவன் வந்து, இது உன்னுடையது இல்லை, என்னுடையது, கொடு என்கிறான். அப்படியெல்லாம் கொடுப்பார்களா? இதில் என்ன பொறி இருக்கிறது? "வெல போயிட்டீங்கன்னு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கேட்டேன், கேட்டேன். வெள்ளக் கார், நெத்தில தழும்பு." பரமகுரு சிரித்தான். "நல்லாத்தாம்ல இருந்துச்சு. வெல போறான்னா நல்ல கீப்பருன்னுதான அர்த்தம்? கண்ண மூடுற கீப்பர எவன் வெலைக்கு வாங்குவான்? அதான் நானும் வாயத் தொறக்கல." கடலைத் தோலை ஊதினான். "இன்னைக்கு வரும்போது ஸ்டோர் ரூம் கதவ எட்டிப் பாத்தேன். திரும்ப எழுதி வச்சிருக்காரு. அதே எடத்துல. அழிச்சது தெரியாத மாதிரி. கையெல்லாம் அரிக்குதுடா எபி. நீ ஒரு ஒதவி பண்ணு. அந்த மூடியப் போட்டுக்கிட்டு, அன்னைக்குச் சொன்ன மாதிரியே, வர வேண்டாம் ராஜான்னு ஒரு தடவ சொல்லு. போயிருதேன்."

எபி மூடியை எடுத்தான். உதட்டோரம் இடுக்கினான். பல் தடம் பழைய இடத்தில் சரியாகப் பொருந்தியது. மூச்சை இழுத்தான், மாஸ்டர் வரவில்லை. அண்ணாச்சியைத் தேடினான், பாதிரியாரைத் தேடினான், பிரின்ஸிபால், பஸ் கண்டக்டர், ரேடியோப் பெண், உள்ளே ஒரு பஸ் நிறைய ஆள் வைத்திருந்தவன், ஒருவர்கூட இறங்கி வரவில்லை. மூடி வழுக்கி மடியில் விழுந்தது. எச்சில்தான் வந்தது. பரமகுரு பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "சரி, அது வேண்டாம்," என்றான். "இன்னொண்ணு செய். இங்க இருந்து பாக்கும்போதும் மூடுதான்னு எனக்குத் தெரியணும். நம்ம கண்ணு மூடுறது நமக்குத் தெரியாதுல்லா. அடுத்த கார்னர் வரும்போது நீ பந்தப் பாக்காத. என் கண்ணப் பாத்துச் சொல்லு."

நான்காவது பகுதி. ஒன்று ஒன்று. பத்து நிமிஷம் பந்து நடுவிலேயே முட்டிக்கொண்டு கிடந்தது, அதற்குள் காதர் ஷர்பத்தோடு வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே கேட்டான். பிறகு வந்தது கார்னர், இதுவும் எதிரணிக்கு. கேலரி மொத்தமும் எழுந்தது. இரண்டாயிரம் கண்கள் கோலைப் பார்த்தன, எபி ஒருவன் மட்டும் கோலுக்கு முதுகைக் காட்டாத குறையாகத் திரும்பி, ஒரு ஜாண் தூரத்தில் பரமகுருவின் கண்களைப் பார்த்தான். இத்தனை கிட்டத்தில் யாரையும் அவன் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் எடுத்துக்கொள்வதற்காகத்தான், புருவம் எப்படிப் போகிறது, உதடு எப்படிக் கோணுகிறது என்று. இந்தக் கண்ணில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பழுப்பு நிறம், ஓரத்தில் ஒரு சிவப்பு நரம்பு, உள்ளே சின்னதாகப் பச்சை மைதானம், அதில் ஊசி முனை அளவுக்கு ஆட்கள். விசில். பந்து உள்ளே வருவது அந்தக் கண்ணில் தெரிந்தது. மூடாதே, மூடாதே, மூடாதேண்ணே. யாருக்காக இப்படி வேண்டிக்கொள்கிறான், டீமுக்கா, பரமகுருவுக்கா, தனக்கா? எங்கோ மட்டை பந்தில் பட்டது, பந்து கோல் பலகையில் மோதி 'டமார்' என்று வெடித்தது, காதர் கையிலிருந்த ஷர்பத் தெறித்து எபியின் கழுத்தில் விழுந்தது, கேலரி ஐயோ என்று ஒரே வாயாகக் கத்தி உட்கார்ந்தது.

"மூடுச்சால?" என்றான் பரமகுரு. கோலைப் பற்றிக் கேட்கவில்லை. "சொல்லுல. மூடுச்சா?"

இல்லை என்று சொல்லலாம். மூடவே இல்லைண்ணே, முழி முழின்னு இருந்துச்சு, என்று சொன்னால் இந்த ஆள் இப்போதே எழுந்து ஸ்டோர் ரூமுக்கு ஓடுவான், கேலரியே எபியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆமா மூடிச்சு என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். எந்தக் குரலில் வேண்டுமானாலும் சொல்லலாம், நம்புவான்போலத்தான் இருந்தது.

"தெரியலண்ணே," என்றான் எபி. "சத்தம் கேட்டுச்சுல்லா. நான் கண்ண மூடிட்டேன்."

காதர் ஷர்பத் கிளாஸோடு திரும்பினான். "இது யார் வாய்ஸ்ல? புதுசா இருக்கு."

பரமகுரு எபியையே பார்த்தான். அறுபது கஜத்துக்கு அப்பால், இத்தனை பேருக்கு நடுவில், பேடும் இல்லாமல் பந்தும் வராமல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டவனை. பிறகு அவன் தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று எபிக்குப் பிடிபடவில்லை. "அப்ப எல்லாவனுக்கும் மூடுது," என்றான். பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலையை எபியின் மடியில், அந்த நீல மூடிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, கைக்குட்டையை எடுக்காமலே படி இறங்க ஆரம்பித்தான். அண்ணாச்சி, "போறாம் பாரு, தோக்கவச்சிட்டுப் போறாம் பாரு," என்றார். கீழே கம்பி வேலியை ஒட்டி ஒரே ஒரு மண் பாதைதான். வேப்ப மரம் வரைக்கும் அது ஒரே வழி. மரத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் மெயின் கேட், வலப்பக்கம் திரும்பினால் ஸ்டோர் ரூம். ஆட்டத்தில் இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. வெளுத்த கோடு போட்ட அந்தப் பிடரி வேலியோரமாக, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மைதானத்தில் மறுபடியும் ஏதோ சத்தம் எழுந்தது. எபி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஷர்பத் கழுத்திலிருந்து முதுகுக்குள் வழிய வழிய, கண்ணைக் கொட்டாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.